கயிறு இருக்கு

உங்கள் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, சார். ஓர் அட்டையை நாலாக மடித்து அடியில் சொருகினால் சரியாகிவிடும். பத்தொன்பது வருடமாக ஆட்களை மலைக்குக் கூட்டிப்போகிற வேலை எனக்கு. எதன் மேல் பாரம் வைத்தாலும் முதலில் ஆட்டிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

நேற்று வீட்டுக்கு வந்த உங்கள் ஸ்டேஷன் அதிகாரி நல்ல மனிதர். "துக்கத்துல இருக்கீங்க, மறதி யாருக்கும் வரும்" என்று சொல்லி, கவனக்குறைவு என்று ஒரு தாளில் எழுதி நீட்டினார். நான் கையெழுத்துப் போடவில்லை. அதில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

இறந்தவள் என் தங்கை. என்னைவிட எட்டு வயது சின்னவள், மருந்துக்கடையில் வேலை. அவளுடைய ஒரே மகள் ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டாள். அதன்பிறகு இவளும் இவள் கணவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் தவித்தார்கள். அவன் வெளியூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். இவள் இரண்டு பைகளோடு என் வீட்டுக்கு வந்தாள்.

இரண்டு வருடம். ஊட்டிவிட்டேன், தலை வாரிவிட்டேன். மகளுடைய ஸ்கூல் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். நானும் பக்கத்தில் உட்காருவேன். அந்த அறைக்குள் கதவைத் தட்டாமல் போக எனக்கு மட்டும்தான் அனுமதி. நான் வேலை முடிந்து படியேறும்போதே சத்தம் கேட்டு "அக்காவா?" என்பாள். அதற்கு முன் யாரும் எனக்காக ஒரு வீட்டில் காத்திருந்ததில்லை.

மலைக்குக் கூட்டிப்போனதும் நான்தான். உடம்பு அலுத்தால் கொஞ்சம் தூக்கம் வருமே என்றுதான். உச்சிக்குக் கீழே முப்பது ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக ஒரு பாறை. வழிகாட்டிகள் அதை 'நெற்றி' என்போம். கீழே வெறும் ஆகாயம். அதில் ஏறத் தைரியம் வேண்டாம் சார், ஒழுங்கு போதும். இரண்டு கை, இரண்டு கால். அதில் மூன்று பாறையில் ஊன்றியிருக்க ஒன்றை மட்டும் நகர்த்த வேண்டும். பிடிக்கிற கல்லைத் தட்டிப் பார்க்க வேண்டும், உள்ளே காலியாக இருப்பதுபோலச் சத்தம் வந்தால் விட்டுவிட வேண்டும். பாறையைக் கட்டிக்கொள்ளவே கூடாது. உடம்பைத் தள்ளி வைத்தால்தான் கால் வைக்கிற இடம் கண்ணுக்குத் தெரியும்.

இறங்கும்போது கயிறு. ஒரு முனை இறங்குகிறவரின் இடுப்புப் பட்டையில். மேலே பாறையில் அடித்த இரும்பு வளையத்தில் கோத்து, மீதியை நான் கொஞ்சம் கொஞ்சமாக விடுவேன். அவர் "கயிறு?" என்று கேட்க வேண்டும். நான் இழுத்துப் பார்த்துவிட்டு "இருக்கு" என்பேன். அந்த வார்த்தையைக் கேட்காமல் யாரும் பின்னால் சாயக் கூடாது.

முதல் நாள் பாறையடியிலேயே வாந்தி எடுத்தாள். போன ஞாயிற்றுக்கிழமை காலை என்னை ஒன்றும் கேட்காமல் தானாகவே ஏறி முடித்தாள். மேலே உட்கார்ந்து ஓர் ஆரஞ்சை உரித்து எனக்குப் பாதி கொடுத்தாள்.

"அக்கா, அவர் போன் பண்ணிட்டே இருக்காரு. அடுத்த மாசம் நான் அங்கயே போயிடலாம்னு இருக்கேன்."

"ம்."

"இன்னொரு குழந்தை பெத்துக்கணும்னு தோணுது. தப்பாக்கா?"

"இதுல என்னடி தப்பு."

"உன்னைத் தனியா விட்டுட்டுப் போறேன்னு கோபமா?"

இல்லை என்றேன். கோபம் இல்லை சார். அவள் சிரித்தாள். இரண்டு வருடத்தில் முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தாள்.

எனக்கு அந்த நாலு நாள்தான் கண்ணுக்குள் வந்தது. மறுபடி ஒரு குழந்தை, மறுபடி நெற்றியில் ஈரத்துணி, மறுபடி டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருவது. இவள் தாங்கமாட்டாள். அப்போது பக்கத்தில் நானும் இருக்கமாட்டேன். அந்தச் சிரிப்பைத் தாண்டி இன்னொரு துக்கத்துக்குள் அவளை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கூடப் பிறந்தவள் இதையெல்லாம் யோசிக்காமல் வேறு யார் யோசிப்பார்கள்?

அவள் இடுப்பு முடிச்சை நான்தான் போட்டேன். இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. வளையத்தில் கோக்கவில்லை. மீதிக் கயிற்றைச் சுருட்டி என் காலடியில் வைத்தேன்.

"கயிறு?" என்றாள்.

"இருக்கு. சாஞ்சுக்கோ."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாய்ந்தாள். வளையத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சொன்ன எதையும் அவள் சரிபார்த்ததே கிடையாது. சுருள் என் காலடியிலிருந்து அவிழ்ந்து போய்த் தீர்ந்தது. போகும்போது "அக்கா" என்றாள். கத்தவில்லை, அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவதுபோலத்தான் இருந்தது. "வரேன்டி" என்றேன்.

கயிறில்லாமல் இறங்கினேன். ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்து இறங்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அவசரப்பட்டால் விழுந்துவிடுவோம். அவளுக்கு ஒரு ஷூ கழன்று கிடந்தது. மாட்டி, நாடாவைக் கட்டிவிட்டேன். முகத்தில் விழுந்திருந்த முடியை ஒதுக்கினேன். உங்கள் ஆட்கள் வரும்வரை அவள் தலை என் மடியில்தான் இருந்தது. அன்றிலிருந்து எனக்குக் கண் காயவில்லை சார். அழுகிறேன் என்று எனக்கே தெரிவதில்லை, தாடை நனைந்தபிறகுதான் தெரிகிறது.

அதனால் கவனக்குறைவு என்பதை அடித்துவிடுங்கள். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் நான் கயிற்றைக் கோக்க மறந்ததில்லை. தெரிந்துதான் கோக்கவில்லை, தெரிந்துதான் "இருக்கு" என்றேன். என் தங்கையை நான்தான் கொன்றேன். அப்படி எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம். வெளியே பெஞ்சில் அவள் கணவன் உட்கார்ந்திருக்கிறான். உடம்பைத் தன் ஊருக்குக் கொண்டுபோக மனு எழுதிக்கொண்டிருந்தான், வரும்போது பார்த்தேன். கொடுத்துவிடாதீர்கள் சார். அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள அவனுக்குத் தெரியாது.