இந்த ஷூவைப் போட்டுட்டா வந்தே?

இரு, கழட்டாதே. கழட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை நல்லாப் பாத்துக்கறேன். மச்சான், இந்த ஷூவைப் போட்டுட்டா பஸ் ஸ்டாப்புலேருந்து நடந்து வந்தே? கூர் மூக்கு. பளபளன்னு பாலிஷ். அடியில தோல். தோலுடா! ரோடு பூரா கண்ணாடி மாதிரி உறைஞ்சு கிடக்கு, நீ கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி வந்து நிக்கறே. பொண்ணு யாரு?

சிரிச்சது போதும், உள்ள வா. கதவைச் சாத்து. முழுசா. அந்தத் துணியையும் இழுத்து விடு. ஆமா, பழைய போர்வைதான். கதவுக்கு மேல கம்பி அடிச்சுத் தொங்க விட்டிருக்கேன். அழகா இல்லைன்னா கண்ணை மூடிக்க. காத்து வருதா? வரலை இல்ல? அப்புறம் என்ன.

அந்த ஸ்டூல்ல உக்காராதே. குட்டை. முட்டி மோவாயில இடிக்கும். நாற்காலி இருக்கு பாரு.

நெத்தியா? அது ஒண்ணுமில்ல. அலமாரிக் கதவு. தொறந்து வச்சது ஞாபகமில்லாம திரும்பினேன், பட்டுது. வந்ததும் வராததுமா என் மூஞ்சியை எதுக்கு இப்படி உத்துப் பாக்கறே? ஓ. அதுக்குத்தானே வந்திருக்கே.

தெரியும்யா. உன் மருமக என்ன சொல்லி அனுப்பினான்னு எனக்குத் தெரியாதா? என் பொண்ணுதானே அவ. மாமா சும்மா பாத்துட்டுப் போக வர்றார்ப்பான்னு போன்ல சொன்னா. சும்மா! நீ என்னைக்குடா இந்த வீட்டுக்குச் சும்மா வந்திருக்கே? அம்மா போன பிறகு வர்ற முதல் பனிக்காலம், அப்பா தனியா ஓட்டிடுவாரா, இல்ல இப்பவே பெட்டியைக் கட்டிக் கூட்டிட்டு வந்துடறதா, நீங்க பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா. இதுதானே? மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பாதே. உன்னை மாதிரி பஸ் டிரைவருக்குப் பொய் வராது. திரும்பறதுக்கு முன்னாடியே இண்டிகேட்டர் எரியுது.

சரி, பாரு. சாயங்கால பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு. ஒண்ணு விடாம பாரு. போய்ச் சொல்லு, கிழவன் கல்லு மாதிரி இருக்கான்னு.

அவ வீடு எனக்கு ஆகாது. ஏதோ உயரத்துல ஒரு மாடி. ஜன்னல் தொறக்காது. உள்ள எப்பவும் குளிச்சு முடிச்ச பாத்ரூம் மாதிரி ஒரு சூடு. போன வருஷம் போனேனே, வெளியில பனி கொட்டுது, நான் பனியனோட உக்காந்திருக்கேன். யாரையோ ஏமாத்தற மாதிரி இருந்துச்சு. காலையில எழுந்தா செய்ய ஒண்ணுமில்ல. விறகு இல்ல, வாசப்படி இல்ல. டிவி பாருங்கப்பாங்கறா. பாத்தேன். முடிஞ்சு போச்சு.

டீ கொதிக்குது பாரு. நீயே ஊத்திக்க. எனக்கும் ஊத்து. விருந்தாளின்னா வேலை செய்யக்கூடாதுன்னு ஏதாவது சட்டமா? சர்க்கரை அந்த ஜாடியில. மூடி இறுக்கமா இருக்கும், நல்லாத் திருகு. எனக்கா? வேணாம். நான் சர்க்கரை போடறதில்ல, இப்பக் கொஞ்ச நாளா. சர்க்கரை வியாதியா? எனக்கா? ஒரு வியாதியும் இல்ல. சும்மாதான் விட்டுட்டேன்.

சரி, போடு. ரெண்டு ஸ்பூன். அதான் மூடி தொறந்தாச்சே.

டம்ளரோட எழுந்து வா. ஜன்னலைப் பாரு. இடுக்கு பூரா பழைய பேப்பர், மடிச்சுத் திணிச்சு மேல டேப் ஒட்டியிருக்கேன். கையை வை. குளிருதா? குழாயை ராத்திரி லேசா சொட்ட விட்டுடுவேன், அப்பத்தான் உறையாது. சொட்டறதைப் பிடிக்க வாளி. வாளித் தண்ணியில காலையில பாத்திரம் கழுவிடுவேன். ஒரு சொட்டு வீணாகாது. இந்தத் தகர டப்பாவில மெழுகுவத்தி, தீப்பெட்டி. கரண்ட் போச்சுன்னா இருட்டுல தேடாம எடுக்கலாம். கீழ உருளைக்கிழங்கு, வெங்காயம், பருப்பு, மாவு. ஒரு மாசம் பனி கொட்டினாலும் கவலையில்ல. போட்டோ எடுத்துக்க. எடு, எடு. உன் மருமகளுக்கு அனுப்பு. வெங்காயத்தை நல்லா கிட்டக்க எடு.

விறகா? கடைக்காரன் கொண்டாந்து போடறான். மளிகையும் அவன்தான். நல்ல மனுஷன். நான் எதுக்கு அலையணும்?

அந்த ரூம்ல ஒண்ணுமில்ல, கதவைச் சாத்து. சூடு போயிடும். கட்டிலா? கட்டில்னா கட்டில்தான். பெட்ஷீட் விரிச்சிருக்குன்னா, விரிக்காம எங்க வைக்கறது? போர்வை ரெண்டும் சும்மா அலமாரியில கிடந்துச்சு, பூச்சி அரிக்கும்னு எடுத்துப் போட்டேன். இது என்ன கேள்வி மேல கேள்வி! உன் வீட்டு ஹீட்டரைப் பத்தி நான் ஏதாவது கேட்டேனா? போன வருஷமே அது செத்துப் போச்சுன்னு உங்கக்கா சொன்னா. இன்னும் சரி பண்ணலை, இல்ல? அதான் பாத்தேன். ராத்திரி கோட்டோட தூங்கறவன் என்னைப் பாத்து, தனியா சமாளிப்பியாங்கறான்.

கோட்டைக் காட்டு. ம். கனம் இருக்கு. உள்ள? பருத்தி பனியன். அதானே பாத்தேன். பருத்தி வேர்வையைக் குடிச்சுட்டு ஈரமாவே உடம்புல ஒட்டிக்கிடக்கும். நீ நின்ன உடனே அதுதான் குளிரும். நான் வாழ்க்கை பூரா கோல்ட் ஸ்டோரேஜ்ல மீன் பெட்டி தூக்கினவன். நீ வாழ்க்கை பூரா இன்ஜின் சூட்டுல உக்காந்து ஹார்ன் அடிச்சவன். உனக்குக் குளிர்னா என்ன தெரியும்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கற ஏதோ ஒண்ணு.

மெல்லிசா, தளர்வா, ஒண்ணு மேல ஒண்ணா போடணும். உடம்பை ஒட்டிக் கம்பளி. என் கோட்டைப் பாரு. பட்டன் இல்ல. வெட்டி எடுத்துட்டு ஒட்டற பட்டை வைக்கச் சொன்னேன் தையல்காரன்கிட்ட. கையுறை போட்டுட்டுப் பட்டனோட மல்லுக்கட்ட முடியுமா? தட்டினா ஒட்டிக்கும், இழுத்தா பிரிஞ்சுடும். சின்னப் பசங்க கோட்டு மாதிரி இருக்கா? இருக்கட்டும். நீ வயசானவனாவே விறைச்சுப் போ.

இப்ப ஷூவைக் கழட்டு. கழட்டு, வெக்கப்படாதே. என்னது இது? சாக்ஸ் மேல சாக்ஸ், அதுக்கு மேல இன்னொரு சாக்ஸா? அடப்பாவி. ஏற்கெனவே பிடிக்கற ஷூ, அதுக்குள்ள மூணு ஜோடியைத் திணிச்சா ரத்தம் எந்த ரூட்ல போகும்? விரலை அசை. இது அசைவா? விறைச்ச மீனே இதைவிட நல்லா அசையும். எல்லாத்தையும் உருவி எறி. அடுப்புகிட்ட நீட்டு. ரொம்பக் கிட்ட வேணாம், மெதுவாத்தான் சூடேறணும்.

இந்தா, இதை மாட்டு. பச்சைதான். உங்கக்காவோட பழைய ஸ்வெட்டர். உடம்புப் பக்கம் பூரா நைஞ்சு போச்சு, கை ரெண்டும் நல்லா இருந்துச்சு. கையை வெட்டி ஒரு முனையைத் தைச்சு சாக்ஸ் ஆக்கிட்டா. போன வருஷம். எனக்குச் சின்னதா இருக்கு. உனக்குச் சரியா இருக்கும்னு அப்பவே சொன்னா.

எப்படி இருக்கு? நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லு. பச்சை உனக்கு எடுப்பா இருக்கு. அந்தப் பொண்ணுக்குப் பிடிக்கும்.

பூட்ஸ்னா அதோ, கதவோரமா இருக்கு பாரு, அது பூட்ஸ். ரப்பர் அடி, ஆழமா வரி வரியா வெட்டியிருக்கும். சாக்ஸோட கால் போனதுக்கப்புறமும் முன்னாடி ஒரு விரல்கடை காலியா இருக்கும், சூடு தங்கறதுக்கு. உள்ள கம்பளி அட்டை. தினம் ராத்திரி அட்டையை வெளிய எடுத்துக் காய வைக்கணும். லேஸ் கணுக்காலுக்கு மேல வரைக்கும் ஏறும், கால் ஆடவே ஆடாது. உன் மருமக ஒரு ஜோடி அனுப்பியிருந்தா, லேஸே இல்லாம. காலைச் சொருகினா போதுமாம். சொருகினேன். வாளிக்குள்ள காலை விட்ட மாதிரி இருந்துச்சு. அதோ அடுப்புகிட்ட நிக்குது பாரு, சுள்ளி போட்டு வச்சிருக்கேன். அதுக்கு ரொம்ப வசதி. அந்தப் போட்டோவை மட்டும் அனுப்பிடாதே.

என்ன, மணியைப் பாக்கறே? கிளம்பறியா? சரி. பாத்துட்டே இல்ல, சொல்லிடு. அப்பா நல்லா இருக்கார், ஒரு குறையும் இல்லைன்னு. அந்தப் பச்சை சாக்ஸைப் போட்டுட்டே போ. ஷூ நுழையலைன்னா தோளுக்கு மேல தொங்க விட்டுட்டு நட.

நானா? ஸ்டாப் வரைக்கும் நான் எதுக்கு? ஊருக்கே வழி காட்டினவனுக்கு வழி தெரியாதா? அடுப்பு எரியுது. அதை விட்டுட்டு எப்படி வர்றது? மூடி வச்சா அணைஞ்சு போகும். குளிருக்குப் பயமா, எனக்கா? போடா. கோட்டை எடுத்துக் குடுத்துட்டா நான் வந்துடணுமா? சரி, கோட்டு மாட்டியாச்சு. பாத்தியா, எவ்வளவு சுலபம். தட்டினா ஒட்டிக்கிச்சு. வாசல் வரைக்கும் வர்றேன். அங்கேருந்து கையாட்டறேன்.

என்ன குனிஞ்சு பாக்கறே? பூட்ஸ்ல என்ன? தூசியா? பூட்ஸ்னா தூசி இருக்காதா?

சிலந்தியா. எங்க, உள்ளயா?

ம்.

அந்த நாற்காலியை இப்படித் தள்ளு. உக்காந்துக்கறேன்.

லேஸ் கட்ட வரலை மச்சான். அவ்வளவுதான் விஷயம். வலது கை. பெருவிரலும் பக்கத்து ரெண்டும். விறைச்ச பெட்டி தூக்கித் தூக்கி இப்படி ஆயிடுச்சு. டம்ளர் பிடிக்கும், பேப்பர் மடிக்கும். லேஸ் நுனியைப் பிடிச்சா நழுவிடும். முடிச்சு போட வராது, ஜாடி மூடி தொறக்க வராது. புதுசா வந்ததில்ல இது. உங்கக்கா இருந்தப்பவே. அந்த ஸ்டூல் அதுக்குத்தான் அந்த உயரம். காலையில அதுல உக்காந்து என் காலைத் தூக்கி மடியில வச்சுக் கட்டுவா. ஊர்ல இருக்கற எல்லாத்தையும் திட்டிக்கிட்டே. நீயும் அதுல வருவே. சாயங்காலம் அவிழ்ப்பா. அப்பத் திட்டமாட்டா.

யாருக்கும் தெரியாது. உன் மருமகளுக்கும் தெரியாது. பனி விழுந்ததுலேருந்து நான் வாசல் தாண்டலை. ஒரு தடவை போனேன், படியில வழுக்காம இருக்கச் சாம்பல் போடலாம்னு. செருப்போட. நெத்தியில பட்டது அலமாரிக் கதவெல்லாம் இல்ல. படிதான்.

சொல்லணும்னா சொல்லிடு. உன்னைத்தானே அனுப்பினா. பெட்டியை மட்டும் நீதான் கட்டித் தரணும். அதுக்கும் கயிறு முடிச்சு போடணும்.

என்ன பண்றே? அதுலயா உக்காரறே? சொன்னேன் இல்ல, முட்டி இடிக்கும்னு. முதல்ல சிலந்தியை வெளிய விடு. அடிக்காதே, வாடகை குடுக்காட்டியும் இருந்துச்சு பாவம். ம். இடது கால் முதல்ல. அவ இடதுலதான் ஆரம்பிப்பா. கீழேருந்து இறுக்கிட்டு வா. ஏய், மெதுவா, ஸ்டியரிங் இல்ல அது. மேல கொஞ்சம் தளர விடு. ஆங். ரெட்டை முடிச்சு. காதை உள்ள சொருகு. நல்லாத்தான் கட்டறே. யாருக்குக் கட்டிப் பழக்கம்? சரி, கேக்கலை.

திட்டறதுன்னா திட்டு. பரவாயில்ல. சும்மா உக்காந்து கட்டினா எனக்கு என்னவோ மாதிரி இருக்கு.

அதான் சொன்னேனே, அவிழ்க்கறதும் இருக்கு. சாயங்காலம். பூட்ஸோட தூங்கினா அட்டை காயாது. மறுநாள் காலையில மறுபடியும் கட்டணும். பனி போற வரைக்கும் இப்படித்தான். அதை நீ யோசிச்சுக்க. நான் ஒண்ணும் சொல்லலை. கட்டில் அங்கதான் இருக்கு, போர்வை இருக்கு, ஹீட்டர் இல்லாத ரூமுக்கு நீ வாடகை கட்டிட்டு இருக்கே. அவ்வளவுதான் சொல்றேன்.

பஸ்ஸா? அது அப்பவே போயிடுச்சு. நீ வலது காலைக் கட்டறப்ப ஹார்ன் அடிச்சான் பாரு, வளைவுல. எனக்கே கேட்டுச்சு. வாழ்க்கை பூரா ஹார்ன் அடிச்சவன், உனக்குக் கேக்கலையாக்கும். மூஞ்சியைத் திருப்பாதே. இண்டிகேட்டர் எரியுது.

எழுந்திரு. ஷூக்கடை இன்னும் திறந்துதான் இருக்கும். உனக்கு ஒரு மனுஷ பூட்ஸ் வாங்கணும். போற வழியில அவளுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிடு, என்ன சொல்லணுமோ அதை. போர்வையைத் தள்ளிட்டு வா. பாத்து, அந்த ரெண்டாவது படி. அன்னைக்கு அதுல சாம்பல் போட்டு முடிக்கலை. உன் தோல் ஷூவை நம்ப முடியாது, என்னைப் பிடிச்சுக்க. அந்தக் கை இல்ல. இந்தக் கை.