சூரிய முத்திரையின் பின்பக்கம்

சங்கத் தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, நாணயம் சேகரிக்கும் நண்பர்களே!

நாற்பது ஆண்டுகளாக மரணச் செய்திகள் எழுதிக் களைத்தவன் நான். இந்த இரங்கல் கூட்டத்தில் சுருக்கமாகப் பேசிவிடுகிறேன்.

நம் செயலாளர், வேதியியல் ஆசிரியர், நாமெல்லாம் 'லென்ஸ்காரர்' என்று அழைத்த அண்ணன் எதைத் தேடினார்? ஸ்பானியக் குடியேற்றக் காலத்துத் தங்கக் காசுகளை. அவை வேறு நாட்டுக்குப் போனபோது, 'இங்கேயும் செல்லும்' என்று அங்குள்ள அதிகாரிகள் மேலே சிறு முத்திரை குத்தினார்கள். அந்த முத்திரைகள்தான் அவருக்கு உயிர்!

"என் மூஞ்சிய என்னைக்காவது இப்படி உத்துப் பாத்திருக்கீங்களா?" என்று அண்ணி கேட்டபோது நானும் இருந்தேன்.

"உனக்கு எதுக்கு லென்ஸு? நீ தெருமுனையில வந்தாலே எனக்கு நடுங்குதே" என்றார்.

சுத்தியலால் முத்திரை குத்தினால் அதற்கு நேர் பின்பக்கம் தட்டையாகும். அதனால் புதிதாக வருகிற எவரிடமும் அவர் சொல்லும் முதல் பாடம், "மொதல்ல திருப்பு." அவரே திருப்பாத காசு ஒன்று இருந்தது! சூரிய முத்திரைக் காசு. நம் பட்டியல் நூலின் முதல் படம். வாங்கிய பரவசத்தில் முத்திரையை மட்டும் பார்த்தார். வெல்வெட் தட்டில் பதித்தார். பதினோரு ஆண்டுகள் அது அப்படியே இருந்தது. நானும் என் பத்திரிகையில் அதை அரைப்பக்கம் புகழ்ந்து எழுதினேன்.

சென்ற ஆண்டு தட்டு மாற்றும்போது காசு கவிழ்ந்தது. பின்பக்கம் தட்டையாக இல்லை.

மறுநாள் என் மேசைக்கு வந்தார். "யோவ் நிருபரே, என் காசு போலிய்யா. எழுது."

"விடுங்கண்ணே, யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே! என்னை நம்பி மூணு பேரு இதே முத்திரைய வாங்கியிருக்காங்கய்யா."

ஒரு பக்கம் திருத்தம் எழுதி, செயற்குழுவிடமும் என்னிடமும் கொடுத்தார். செயற்குழு 'அடுத்த பதிப்பில் பார்க்கலாம்' என்றது. நான்? இழுப்பறையில் போட்டேன். என் அரைப்பக்கமும் பொய்யாகிவிடுமே!

மருத்துவமனையில் இரண்டு முறை கேட்டார்: "வந்துச்சா?"

"வரும்ண்ணே" என்றேன், இரண்டு முறையும்.

நேற்றுகூட ஒரு நண்பர், "ஆளே போயிட்டாரு, இனிமே அதை எதுக்குக் கிளறணும்?" என்றார். ஆள் போய்விட்டார், அந்த மூவரும் இங்கேதான் இருக்கிறார்கள்.

இதோ அந்தத் தாள். ஞாயிறு இதழில் வருகிறது, என் வருத்தத்தோடு சேர்த்து. தலைவர் அவர்களே, பட்டியலைத் திருத்துங்கள். நண்பர்களே, நீங்கள் மூவரும் வீட்டுக்குப் போனதும் காசைத் திருப்பிப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் படத்துக்கு முன்னால் பத்திரிகையை விரித்து வைப்பேன். இந்த முறை பொய் இல்லை. வந்துடுச்சுண்ணே.