சைக்கிள் பெல்லுக்கு சிவப்பு பெயிண்ட்

வேலூர் பஸ்ஸில் எனக்குப் பின்னால் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் இரண்டு பேர்.

"ஒரு சைக்கிள் பெல்லு என் குடும்பத்தையே கெடுத்துடுச்சுபா," என்றார் ஒருவர்.

"இன்னா ஆச்சு?"

"என் பொண்டாட்டி சைக்கிளுக்குப் புது பெயிண்ட் அடிக்கலாம்னு பெல்லு, பிரேக்கு எல்லாம் கழட்டினேன். பழைய பெயிண்ட் உரியறதுக்கு காஸ்டிக் சோடாத் தண்ணில ஊறப் போட்டேன்."

"உரிஞ்சுதா?"

"சுத்தமா. ஆனா ஊறப் போட்டது அவளோட அலுமினியக் குண்டான்ல. அடியே ஓட்டையாய்டுச்சு."

"ஐயோ! தங்கச்சி இன்னா சொல்லுச்சு?"

"நாலு நாளா என்னாண்ட ஒரு வார்த்த பேசல. பெல்லு சிவப்பா எவ்ளோ ஜோரா இருக்குது தெரியுமா? திரும்பிக்கூடப் பாக்கல."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தலையைத் திருப்பாமலே, பின்னால் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவரிடம் பேசினாள்.

"அண்ணே, லாங் பஜார் வந்தாச்சு. குண்டான் வாங்கணும், அவர எறங்கச் சொல்லுங்க."