மாடி அறைக்குப் போகும் தட்டு

நிறைந்த தட்டைச் சிந்தாமல் மாடிக்குக் கொண்டுபோவது எனக்கு நன்றாக வரும், வார்டன் மேடம். தட்டைப் பார்க்கக் கூடாது, படியைப் பார்க்க வேண்டும். தட்டையே பார்த்துக்கொண்டு ஏறுகிறவர்கள்தான் ரசத்தைக் கொட்டுவார்கள். மூன்று வருஷம் படிக்க வந்து நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான் என்று வாயாடி கேலி செய்வாள்.

அந்தப் பெயரை வகுப்பே சேர்ந்து அவளுக்கு வைத்தது. வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. பாடம் நடத்துகிறவரே நிறுத்திவிட்டு அவள் சொன்னதற்குச் சிரிப்பார். எனக்குப் பட்டப்பெயர்கூடக் கிடையாது. 'வாயாடியோட ரூம்மேட்' என்பார்கள், அவ்வளவுதான். அவள் நல்லவள். எங்கே போனாலும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். போன இடத்தில் என்னிடம் யாரும் பேச மாட்டார்கள் என்பது அவள் குற்றமில்லை.

இரண்டாம் ஆண்டில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். காய்ச்சல் போயும் உடம்பு தேறவில்லை. உடம்போடு மனசும் படுத்துவிட்டது. காரணமில்லாமல் அழுவாள், புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரிகூட ஏறவில்லை என்பாள். மெஸ்ஸிலிருந்து அவளுக்குச் சாப்பாடு எடுத்துப் போக நீங்கள்தான் எனக்கு அனுமதி கொடுத்தீர்கள். முதல் நாள் வழக்கம்போல் வரிசையின் கடைசியில் நின்றேன். யாரோ, "ஏய், வழி விடுங்க, இது வாயாடிக்கு" என்றார்கள். வரிசை முழுவதும் ஒதுங்கி என்னைப் பார்த்தது. "எப்படி இருக்கா? சாப்பிடுறாளா? நீ ஒழுங்கா தூங்குறியா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். என் தூக்கத்தைப் பற்றி அதுவரை எங்கள் வீட்டில்கூட யாரும் விசாரித்ததில்லை.

நீங்களும் என் தோளில் கை வைத்து, "கூடப் பொறந்தவகூட இப்படிப் பார்த்துக்க மாட்டா" என்றீர்கள். அவள் அம்மா போனில், "நீ என் வயித்துல பொறக்காத பொண்ணும்மா" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அது பொய்யான அழுகை இல்லை.

ஒரு நாள் காலையில் தட்டோடு உள்ளே போனபோது அவள் எழுந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு நானே கீழ வரேன்டி. படுத்துப் படுத்து முதுகே தேஞ்சுபோச்சு" என்றாள். பழைய குரல். நான் மகிழ்ந்திருக்க வேண்டும். கையிலிருந்த தட்டைப் பார்த்தேன்.

"தாராளமா வா. யாராவது ஏதாவது சொன்னா மனசுல வச்சுக்காத."

"யாரு? என்ன சொல்றாங்க?"

"பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறியாம். விடு, வேலையத்தவங்க."

அப்படி யாரும் சொல்லவில்லை. அவள் சீப்பைக் கீழே வைத்தாள். பாதி வாரிய தலையோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாலையில் நானே மீதித் தலையை வாரிவிட்டேன்.

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை, ஏனென்றால் அந்த அறைக்கும் வெளிக்கும் நடுவில் நான் ஒருத்திதான் இருந்தேன். வகுப்புப் பெண்கள் நாலு பேர் ஆரஞ்சுப் பழத்தோடு அவளைப் பார்க்க வந்தார்கள். "அவளுக்கு யாரையும் பார்க்கப் பிடிக்கலையாம்" என்று படியிலேயே திருப்பி அனுப்பினேன். பழத்தை வீணாக்கவில்லை. உரித்து, கொட்டை எடுத்து அவளுக்குக் கொடுத்தேன், நீங்கள் அனுப்பியதாகச் சொன்னேன். மனநல ஆலோசகரைப் பார்க்கப் போகலாமா என்று அவளே ஒருமுறை கேட்டாள். அங்கே பேசுவதெல்லாம் முதல்வர் காதுக்குப் போய்விடும் என்றேன். ஆலோசகர் என்னிடம் விசாரித்தபோது, "இப்போ நல்லாத் தேறிட்டா மேடம்" என்றேன்.

வரவர அவள் நடப்பதே குறைந்தது. கால் மெலிந்து, குளியலறைக்குப் போகக்கூடச் சுவரைப் பிடித்தாள். வாயாடி என்று கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுவதுபோல் பார்ப்பாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்தது. நாளைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று படுப்பேன். விடிந்ததும் மெஸ்ஸில் எனக்கு வழி விடுவார்கள்.

மெஸ்ஸில் எல்லோரிடமும் ஒன்று சொல்லி வைத்திருந்தேன். அவள் எப்போதாவது கீழே வந்தால் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது, முகத்தைக்கூடப் பார்க்கக் கூடாது, பார்த்தால் உடைந்துபோவாள், டாக்டர் சொன்னார் என்று. எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. அவள் இனிமேல் இறங்கி வருவாள் என்று நான் நினைக்கவும் இல்லை.

அன்று மதியம் ஆய்வகத்தில் எனக்கு நேரமாகிவிட்டது. பசித்ததோ என்னவோ, அவளே நல்ல உடை உடுத்தி, தலை வாரி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்திருக்கிறாள். வாசலில் நின்று, "என்னடி, எனக்கு ஏதாவது மிச்சம் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாளாம். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. மெஸ் முழுவதும் குனிந்து அவரவர் தட்டைப் பார்த்தது. அவள்மேல் அவர்களுக்கு அவ்வளவு பிரியம், நான் சொன்னதை ஒருத்திகூட மீறவில்லை.

அவள் திரும்பிப் படியேறினாள். எங்கள் மாடியில் நிற்கவில்லை. மொட்டை மாடியில் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்த விடுதி வேலைக்கார அக்கா ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால், இதை நான் வேறோர் இடத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பேன்.

தேர்வு பயம் என்று எல்லோரும் பேசுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் நம்புகிறீர்கள். தேர்வு இல்லை மேடம், நான்தான். கையால் தள்ளவில்லை என்பதைத் தவிர எல்லாம் நான் செய்ததுதான். அதைச் சொல்லத்தான் யாரும் கூப்பிடாமல் வந்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. கல்லூரியிலிருந்து அனுப்புங்கள், போலீஸில் சொல்லுங்கள், எதுவானாலும் எனக்கு அதிகமில்லை.

ஒரே ஒரு வாரம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் அம்மா நேற்றுக் கூப்பிட்டார். இங்கிருந்து வீட்டுக்குக் கூட்டிப்போனதிலிருந்து அவள் யாரிடமும் பேசவில்லையாம், வைத்த தட்டு வைத்தபடியே இருக்கிறதாம். "நீ ஊட்டினாத்தாம்மா சாப்பிடுவா" என்றார். பாவம், அவருக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? நாளைக் காலையில் கிளம்புகிறேன். ஆரஞ்சு வாங்கி வந்த அந்த நாலு பெண்களும் கூட வருகிறோம் என்றார்கள். அவளுக்கு இப்போது யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.