தடித்த விளிம்பு

கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், ஐயா. கீறல் விழும். இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவன் சொல்கிறேன்.

என் மனைவியைப் பற்றித்தானே கேட்டீர்கள்? மறைக்க என்ன இருக்கிறது. எல்லாம் அவள் நன்மைக்காகச் செய்ததுதான்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். இந்த ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் உரிமம் வாங்கினார்கள். நான் வாங்கியது திட்டு மட்டும். "இவரை நம்பி நான் தள்ளுவண்டியில கூட ஏற மாட்டேன்" என்பாள், விருந்தாளிகள் முன்னால். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நகைச்சுவை உணர்வு இல்லாதவன் அல்ல நான்.

போன வருஷம் அவளிடம் படித்த ஒரு பெண் பிரேக் என்று நினைத்து வேறெதையோ மிதித்துவிட்டாள். வண்டி சுவரில் மோதியது. மனைவியின் தலை கதவுக் கண்ணாடியில் மோதியது. மூளை குலுங்கியதில் ஒரு கண் உள்பக்கமாக இழுத்துக்கொண்டது. அதன்பிறகு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன. இரண்டு வாசல், இரண்டு தம்ளர், இரண்டு நான். ஒருவனையே பொறுக்காதவளுக்கு வந்த சோதனையைப் பாருங்கள்.

"நாலு மாசத்துல தானா சரியாயிடும்மா" என்றார் கண் டாக்டர். அதுவரைக்கும் ஒரு ஓரம் தடித்து மறு ஓரம் மெலிந்த வில்லை போடச் சொன்னார். தடித்த விளிம்பு காதுப் பக்கம் வரவேண்டும். நானே தேய்த்தேன். அந்த முதல் கண்ணாடி அப்பழுக்கில்லாதது, சத்தியம்.

பிம்பம் ஒன்றானது, தலைசுற்றல் மட்டும் நிற்கவில்லை. வெளியே போனால் என் முழங்கையைப் பற்றிக்கொள்வாள். கைப்பிடித்துப் பதினேழு வருஷம் கழித்து அவள் என் கையைப் பிடித்தாள். "நீங்க இல்லாட்டி நான் என்னங்க பண்ணுவேன்" என்று ஒருநாள் கேட்டாள். அதற்கு முன் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

மூன்றாம் மாதம் ஒரு காலையில் முகத்தைத் துடைத்தபடி வந்தாள். "என்னங்க, கண்ணாடியைக் கழட்டிட்டுப் பார்த்தேன். குழாய் ஒண்ணாத்தான் தெரியுது. அடுத்த வாரம் வண்டியை எடுக்கலாமா?"

"அவசரப்படாத. இப்பக் கழட்டினா நரம்பு கெட்டுப்போகும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. பாவம், அவருக்கு எத்தனை வேலை. எல்லாவற்றையும் அவரே சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

அன்றே கடையில் புது வில்லை தேய்த்தேன், தடித்த விளிம்பை மூக்குப் பக்கம் வைத்து. குணமான கண்ணுக்கு அதைப் போட்டால் உலகம் மறுபடி இரண்டாகும். இரவு அவள் தூங்கியதும் பழைய வில்லையைக் கழற்றிவிட்டு இதை மாட்டிவைத்தேன். டாக்டருக்குத் தொலைபேசியில், "குணமாயிடுச்சுங்க, இனிமே வரவேண்டியதில்ல" என்றேன். நான் பொய் சொல்லிப் பழகாதவன்.

கண் இருக்கிறதே, எதற்கும் பழகிவிடும். ஆகவே மாதாமாதம் தடிப்பைக் கொஞ்சம் கூட்டினேன். அவள் வாந்தி எடுத்தாள். சில நாள் சுவரோடு சுவராக உட்கார்ந்து அழுதாள். காரை விற்றோம். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட வசதியாக நானே ஊட்டிவிட்டேன். முகம் கழுவும்போதுகூடக் கண்ணைத் திறக்க விடவில்லை. ஏழு மாதம். எந்தப் புருஷன் செய்வான்?

போன வாரம் நான் கடையில் இருந்தபோது அவள் கண்ணாடிச் சட்டத்தின் திருகாணி கழன்று வில்லை கீழே விழுந்துவிட்டது. நான் சொல்லிக்கொடுத்தபடி காலை முழுக்கக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். பிறகு திருகாணியைத் தேடத் திறந்திருக்கிறாள். ஒரு நாற்காலி. ஒரு கடிகாரம். ஒரு கதவு.

மூன்று சாலைகளைத் தனியாகக் கடந்து கடைக்கு வந்தாள். வில்லையையும் சட்டத்தையும் முதலாளி முன் வைத்து, "இதை அளந்து பாருங்க" என்றாள். அவர் அளந்தார். மறுபடி அளந்தார். தலை நிமிரவே இல்லை.

அவள் என் எதிரே வந்து நின்று என்னைப் பார்த்தாள். என்னை அதற்கு முன் எங்கேயும் கண்டதே இல்லை என்பதுபோல, வெகுநேரம் பார்த்தாள்.

கட்டிய புருஷனையே அடையாளம் தெரியவில்லை. நான் அப்போதே சொன்னேன், ஐயா. அவள் கண் இன்னும் சரியாகவில்லை.