சரியாகச் சொன்னால்தான் தருவேன்

டீயை ஆறவிடாதீர்கள், இன்ஸ்பெக்டர். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அது என் கைப்பழக்கம்.

இங்கிலீஷ் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லி வாக்கியத்தைத் தொடர்ந்தால் 'ஹூ', பொருளென்றால் 'விச்'. இவ்வளவுதான் விஷயம். இதுகூட ஏறாமல், பெற்ற தாய்க்கே விச் போட்டுப் பேசுகிற ஜென்மங்கள் உண்டு. அந்தக் கூட்டத்துக்கே தலைவர் என் மனைவியின் தம்பி. விற்பனை மேலாளராம். அவர் இங்கிலீஷில் வாயைத் திறந்தால் சுவரிலிருக்கும் பல்லி காதைப் பொத்திக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பேச்சில் தப்பு வந்தால், திருத்திச் சொல்லும்வரை கேட்டது கைக்குப் போகாது. உப்பு, துண்டு, பேப்பர், எல்லாம் என் பக்கத்தில்தான் இருக்கும். மகள் இப்படித்தான் தேறினாள். இப்போது வெளியூரில். போன் செய்வதில்லை, பிழை வந்துவிடுமோ என்ற ஜாக்கிரதைதான்.

இன்று மத்தியானம் மச்சினர் வந்தார். "அத்தான், உங்க ஹூ இந்த வாசலையாவது தாண்டிச்சா? என் விச் ஊர் ஊரா கடை திறந்துட்டு வருது!" என்றார். என் மனைவியும் சிரித்தாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் உள்ளே போனதும், தன் முதலாளியைப் பற்றி ஏதோ கதை. 'மை பாஸ் விச்' என்று ஆரம்பித்துத் தானே சிரித்தார். சிரிப்பில் மூச்சு இழுத்துக்கொண்டது. ஆஸ்துமாக்காரர். மேசையிலிருந்த இன்ஹேலருக்குக் கை நீட்டினார். நான் முந்திக்கொண்டேன்.

"முதல்ல வாக்கியத்தைத் திருத்துங்க, மாப்ள."

சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "என்னங்க, தம்பி ஏன் இப்படி இழுக்கிறான்?"

"ஒண்ணுமில்ல, பாடம் நடக்குது. நீ உன் வேலையைப் பாரு."

அவர் நாற்காலியிலிருந்து சரிந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். உதடு நீலம் பாரித்தது. வாத்தியாருக்குப் பொறுமைதானே மூலதனம். காத்திருந்தேன்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் சொல்லிவிட்டார். 'மை பாஸ் ஹூ.' காற்றே இல்லாத குரல், ஆனால் அப்பழுக்கில்லை. என் மாணவர்களில் யாரும் அவ்வளவு சிரத்தையாகச் சொன்னதில்லை.

ஒரு தடவை சொன்னது மனதில் நிற்காதே என்றுதான், இன்ஹேலரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "எங்கே, இன்னொரு தடவை" என்றேன்.