பெயின்ட் பூத்துக்குள்

— தமிழ்லயே பேசு, உர்மிளா. கீழ நிக்கிறவனுங்களுக்கு இந்தி நல்லாப் புரியும்.

— சரி அண்ணா. எங்க இருக்க நீ?

— மாடி ஆபீசுல, மேசைக்கு அடியில.

— இங்க ஆக்லாண்டு ரேடியோவுல சொல்லிட்டே இருக்கான். கலகக்காரங்க பார்லிமென்டைப் பிடிச்சிட்டாங்க, சூவாவுல நம்ம இந்தியக்காரங்க கடையெல்லாம் எரியுதுன்னு. நவுசோரிக்கும் வந்துட்டாங்களா?

— வந்து நம்ம ஃபேக்டரிக்குள்ளயே புகுந்துட்டானுங்க. என்கூட வேலை செய்ற சதேந்திரா மூஞ்சியில இரும்புக் குழாயால அடிச்சானுங்க. தாடை உடைஞ்சு தொங்கிச்சு. விழுந்தவனை மறுபடி மறுபடி அடிச்சானுங்க. கூரைத் தகடு அடுக்கி வச்ச இடமெல்லாம் ரத்தம்.

— ஐயோ. மூச்சு இருக்கா?

— இல்ல. போயிட்டான்.

— மத்தவங்க?

— நம்ம ஃபேக்டரி ஆளு மொசேசே எல்லாரையும் லாரியில ஏத்தித் தன் கொரோவுக்கு, அவன் சொந்த கிராமத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். அங்க ஊர் ஆளுங்க காவலுக்கு நிக்கிறாங்களாம். நானும் சதேந்திராவும் மெஷினை நிறுத்திட்டு வர்றோம்னு நின்னோம், அதுக்குள்ள இவனுங்க வந்துட்டானுங்க.

— எண்பத்தேழுல ஆட்சியைக் கவுத்தப்பவே என்கூடக் கிளம்பியிருக்கலாம். பதிமூணு வருஷமாச் சொல்றேன்.

— அரே, இப்ப அதுவா பேச்சு? உன் கம்ப்யூட்டர்ல எங்க மெஷின் தெரியுதா, இல்லயா?

— தெரியுது. மெஷினுக்கு வேற லைன், அது இன்னும் அறுபடல. பெயின்ட் அடிக்கிற அறையில, அந்தப் பூத்துல ஃபேன் ஓடுது. பெயின்ட் பிரஷர் அப்படியே இருக்கு.

— ஃபேனை அஞ்சு நிமிஷம் நிறுத்தினாலே அங்கேருந்து போன் பண்ணித் திட்டுவியே. இன்னைக்கு நான் சொல்றேன், நீ கேளு. மூணு பேரு பெயின்ட் பூத்துக்குள்ள போயிருக்கானுங்க. கதவைப் பூட்டு.

— பூட்டி?

— ஃபேனை நிறுத்து. ஸ்பிரேயைத் திற.

— அண்ணா, அதுல பாதி தின்னர். ஃபேன் இல்லாம பத்து நிமிஷம் உள்ள நின்னா ஆள் சுருண்டு விழுந்துடுவான். ஒரு பொறி பட்டா மொத்தமா எரிஞ்சுடும்.

— முப்பது வருஷமா அந்த நாத்தத்துல நிக்கிறவனுக்கு நீ சொல்லித் தர்றியா?

— யாரும் சாகக் கூடாதுன்னு பாத்துக்கிறதுதான் அண்ணா என் வேலை.

— அப்ப நான் சாகக் கூடாதுன்னு பாரு. அவனுங்க வெளிய வந்தா அடுத்தது இந்தப் படிக்கட்டுதான். வேற எங்கயும் தேடப் பாக்கியில்ல. ஆளுக்கொரு கரும்புக் கத்தி வச்சிருக்கானுங்க, சாலா.

— உள்ள இருக்கிறது அவனுங்கதானா? எனக்கு ஆள் தெரியாது. கதவு, ஃபேன், பிரஷர், இவ்வளவுதான் தெரியும்.

— என் கண்ணால பாத்தேன்.

— பூட்டிட்டேன்.

— ஃபேன்?

— நிறுத்திட்டேன்.

— ஸ்பிரே?

— இங்க மழை தூறுது அண்ணா. ஜன்னலுக்கு வெளிய ஒருத்தி நாயைக் கூட்டிட்டு நடந்து போறா. நான் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்துல உக்காந்து மூணு பேரைக் கொல்லணுமா?

— நான் வெட்டுப்பட்டுக் கிடந்தா காப்பி இனிக்குமா? ஒரே ஒரு அண்ணன், உர்மிளா.

— திறந்துட்டேன்.

— இடிக்கிறான். கேக்குதா?

— கேக்குது. இடிக்கிறான்னா? மூணு பேருன்ன.

— ஒருத்தன் இடிக்கிறான், மத்தவன் இருமுறான். எனக்கு என்ன தெரியும்?

— உள்ள இருக்கிற பட்டன்ல யாரோ நம்பர் அடிக்கிறான். ஃபேனைப் போடப் பாக்கிறான். நான் இங்கேருந்து நிறுத்தி வச்சதால எடுக்கல.

— எடுக்கக் கூடாது.

— பதினாலு.

— என்ன?

— பதினாலுன்னு அடிக்கிறான். உங்க ஒவ்வொருத்தருக்கும் நம்பர் குடுத்தது நான்தானே. பதினாலு சதேந்திராவோடது.

— அவனை மிரட்டி வாங்கியிருப்பானுங்க.

— செத்தவனையா?

— உர்மிளா, கேளு. சாகல. அடி வாங்கி ஊர்ந்து பூத்துக்குள்ள போயிட்டான். ஆனா அவன் துரோகி. தகடு வர்ற வழியில ஷட்டரைத் திறந்து இவனுங்களை உள்ள விட்டதே அவன்தான். இன்னும் ரெண்டே நிமிஷம். ஃபேனைப் போட்டுடாத.

— ஷட்டரைத் திறக்கவும் நம்பர் அடிக்கணும்.

— அதனால?

— ரெண்டு பத்துக்குத் திறந்திருக்கு. நம்பர் ஒண்ணு. அது உன்னோடது அண்ணா.

— கழுத்துல கத்தி வச்சானுங்க. நீ இருந்தா என்ன பண்ணியிருப்ப? திறந்தேன். "உள்ள இன்னொருத்தன் இருக்கான், அவனைப் பிடிங்க"ன்னும் சொன்னேன். என்னை விட்டுட்டானுங்க. அவன் அடி வாங்கிட்டே என்னைப் பாத்தான் உர்மிளா. தாடை உடையுற வரைக்கும் என் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டான். நாளைக்கு ஊர் பூரா சொல்லுவான். உன் அண்ணன் அப்பலசாமி இனி நவுசோரி மார்க்கெட்டுல எப்படி நடப்பான்?

— கத்திக்காரனுங்க இப்ப எங்க?

— போய் ஒரு மணி நேரமாச்சு.

— ஒரு மணி நேரமா?

— இடி சத்தம் நின்னுடுச்சு பாரு. எல்லாம் முடிஞ்சது. உன்மேல பாவம் இல்லம்மா, என்மேலதான். அழாத.

— நான் அழல. பதினாலுன்னு வந்ததுமே ஸ்பிரேயை அடைச்சுக் கதவைத் திறந்துட்டேன். எழுந்து போய்ப் பாரு அண்ணா, படிக்கட்டுல காலடிச் சத்தம் போன்ல எனக்கே கேக்குது, அவன்தான் வர்றான்.